பழைய டீசல் இன்ஜினில் ஸ்பின்-ஆன் ஆயில் ஃபில்டர்

1950, 60-களில் வடிவமைத்த லாரி இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். கிண்ணத்தின் அடியிலிருந்து மேலே போகும் ஒற்றை நடு போல்ட்தான் அதை ஃபில்டர் ஹெட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தியதும் சூடான கறுப்பு ஆயில் கை முட்டிவரை வழியும். உள்ளே காகித எலிமென்ட், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு தட்டு, ஒரு வாஷர், மேலே ரப்பர் வளையம் எனப் பல சாமான்கள் இருக்கும். எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் திரும்பிப் போக வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள பட்டறையில் இது அரை மணி வேலை. ரோட்டோரத்தில், காற்று புழுதியை வாரி அடிக்கும் இடத்தில், பாதி இருட்டில் செய்தால் சுத்தமான எலிமென்ட்டோடு கொஞ்சம் மண்ணும் உள்ளே போகும்.

எலிமென்ட்டையும் தகரக் கூட்டையும் ஒன்றாக்கி, கையால் திருகி ஏற்றி, காலம் முடிந்ததும் கழற்றி எறிகிற ஃபில்டர் 1950-களில் அமெரிக்காவில் வந்தது. அதைத்தான் ஸ்பின்-ஆன் என்கிறோம். இன்று கார், டிராக்டர், லாரி எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதுதான். பழைய கிண்ண ஃபில்டரை எடுத்துவிட்டு ஸ்பின்-ஆன் போடுவது எப்படி, எங்கே கவனம் சிதறினால் இன்ஜின் கெடும் என்பதே இந்த அத்தியாயம்.

எடுத்துக்காட்டாகப் பெர்கின்ஸ் 6.354 இன்ஜினை வைத்துக்கொள்கிறேன். ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லிட்டர். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் நிறுவனம் 1960-ல் வெளியிட்டது. நமக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு. 1840-ல் தொடங்கிய சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் பெர்கின்ஸோடு சேர்ந்து, செம்பியத்தில் டீசல் இன்ஜின் தயாரிக்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் நம் சாலைகளில் ஓடிய டாட்ஜ், ஃபார்கோ லாரிகளின் பானட்டுக்குள் பெர்கின்ஸ் இன்ஜின்கள் இருந்தன. 6.354-ன் முற்கால மாதிரிகளில் கிண்ண ஃபில்டர், பிற்கால மாதிரிகளில் ஸ்பின்-ஆன். ஒரே இன்ஜினுக்குத் தொழிற்சாலையே இரண்டு விதமும் கொடுத்திருப்பதால், மாற்றத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. இங்கே சொல்வது லேலண்ட், டாடா-பென்ஸ் காலத்து மற்றக் கிண்ண ஃபில்டர்களுக்கும் பொருந்தும். ஆனால் அளவுகளை அந்தந்த இன்ஜினில் நீங்களே எடுக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமா?

கிண்ணம் நெளியாமல் இருக்கிறது, நடு போல்ட்டின் மரை நன்றாக இருக்கிறது, தரமான எலிமென்ட் தட்டில்லாமல் கிடைக்கிறது என்றால் மாற்றாதீர்கள். கிண்ண ஃபில்டரில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கிண்ணத்தின் அடியில் படிந்ததைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தேய்த்துப் பார்க்கலாம். பேரிங் தேய்கிற செய்தி முதலில் அங்கேதான் வரும். எலிமென்ட்டின் விலையும் குறைவு, எறிகிற தகரமும் இல்லை.

மாற்ற வேண்டிய காரணங்கள் வேறு. எலிமென்ட் கிடைக்காமல் போவது முதல் காரணம். கிடைப்பதும் இரு முனையிலும் ஒட்டாத பசையோடு, உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்து வருவது அதைவிட மோசம். உயரம் குறைந்த எலிமென்ட் மேலே உட்காராது. ஆயில் அதைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலே போய்விடும். போல்ட்டை இறுக்கி இறுக்கிக் கிண்ணத்தின் அடி உள்வாங்கிப் போனது, ஹெட்டுக்குள் இருக்கும் மரை தேய்ந்தது, வண்டி நீண்ட ஓட்டத்தில் இருப்பதால் பட்டறை இல்லாத இடத்திலும் ஃபில்டர் மாற்ற வேண்டியிருப்பது, இவையும் நியாயமான காரணங்களே. இன்ஜின் ஓவராலிங்குக்கு இறங்கியிருக்கும்போது செய்வது நல்லது. அப்போதுதான் ஃபில்டர் ஹெட்டை மேஜைமேல் வைத்து நிதானமாக அளக்க முடியும்.

ஆயில் போகும் பாதை

முதலில் உங்கள் இன்ஜினில் இருப்பது முழு ஓட்ட ஃபில்டரா, பகுதி ஓட்ட ஃபில்டரா என்று தெரிந்துகொள்ளுங்கள். முழு ஓட்டத்தில் பம்ப்பிலிருந்து வரும் ஆயில் அத்தனையும் ஃபில்டரைக் கடந்துதான் மெயின் கேலரிக்கும் பேரிங்குகளுக்கும் போகும். 6.354 இந்த வகை. பகுதி ஓட்டத்தில் கேலரியிலிருந்து ஒரு சிறு பங்கு மட்டும் கிளையாகப் பிரிந்து, ஃபில்டரில் வடிந்து, சம்ப்புக்குத் திரும்பும். அடையாளம் எளிது. ஃபில்டர் தனியாக ஒரு பிராக்கெட்டில் இருந்து, மெல்லிய குழாய்கள் இரண்டு மட்டும் அதற்கு வந்துபோனால் அது அநேகமாகப் பகுதி ஓட்டம். அந்தப் பாதையில் எங்கேயாவது ஊசித்துளைபோல் ஒரு சிறு துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அதை அடைப்பென்று நினைத்துப் பெரிதாக்கினால், அல்லது அந்தப் பாகத்தை எடுத்துவிட்டு முழு ஓட்ட ஸ்பின்-ஆன் போட்டால், ஆயில் எதிர்ப்பே இல்லாமல் சம்ப்புக்கு ஓடும், கேலரியில் அழுத்தம் விழும். பகுதி ஓட்ட வகையை மாற்றுவதானால் அந்தத் துளையோடு சேர்த்தே மாற்றுங்கள். இனிப் பேசுவதெல்லாம் முழு ஓட்ட வகையைப் பற்றி.

முழு ஓட்ட ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதற்காகத்தான் பைபாஸ் வால்வு. ஃபில்டரின் அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால், ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஒரு குண்டு விலகி, ஆயிலை வடிகட்டாமலே கேலரிக்கு விடும். அந்தக் காலத்துப் பெர்கின்ஸ் இன்ஜின்களில் அந்த வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. ஃபில்டர் அடைத்தால்தான் வால்வு திறக்கும் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியில் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தால் தடித்திருக்கும் ஆயிலுக்காகப் புது ஃபில்டரிலும் சில நொடிகள் திறக்கும். அழுக்கு ஆயிலில் ஓடிய பேரிங் சீக்கிரம் தேயும். ஆயிலே வராத பேரிங் நிமிடக் கணக்கில் பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்த வால்வு இன்ஜினின் உயிர்.

மாற்றும்போது பலர் தொலைப்பது இந்த வால்வைத்தான். சில இன்ஜின்களில் அது ஃபில்டர் ஹெட்டுக்குள் இருக்கும். சிலவற்றில் பிளாக்கில் இருக்கும். இன்னும் சிலவற்றில் கிண்ணத்தின் நடு போல்ட்டோடு சேர்ந்திருக்கும். கடைசி வகையில் கிண்ணத்தை எறியும்போது வால்வும் போய்விடும். ஹெட்டைக் கழற்றிக் கழுவி, அழுக்கு அறைக்கும் சுத்த அறைக்கும் நடுவே இருக்கும் குண்டையோ பிளஞ்சரையோ தேடுங்கள். மரக் குச்சியால் அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங்கும் குண்டும் பிசினில் ஒட்டியிருக்கின்றன. டீசலில் ஊறவைத்துச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள். கிண்ணத்தின் அடியில், எலிமென்ட்டுக்குக் கீழே இருக்கிற பெரிய ஸ்பிரிங் பைபாஸ் வால்வு அல்ல. எலிமென்ட்டை மேலே தள்ளி உட்காரவைப்பது மட்டுமே அதன் வேலை. அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் இந்த இரண்டைக் குழப்பிக்கொள்வதுண்டு.

ஹெட்டிலோ பிளாக்கிலோ வால்வு இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது என்றால், போடப்போகும் ஸ்பின்-ஆன் ஃபில்டரில் வால்வு இல்லாவிட்டாலும் குற்றமில்லை. இரண்டிலும் இருந்தால் எதன் ஸ்பிரிங் இளசோ அது முதலில் திறக்கும். அப்படியானால் ஃபில்டரில் இருப்பது தொழிற்சாலை வைத்ததைவிடத் தளர்ந்ததாக இருக்கக் கூடாது. வால்வு கிண்ணத்தோடு போய்விட்டதென்றால் ஃபில்டருக்குள் வால்வு கட்டாயம் வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, அதே இன்ஜின் குடும்பத்தின் பிற்கால ஸ்பின்-ஆன் ஹெட்டை முழுதாக வாங்கிப் பிளாக்கில் பூட்டுவது. பழைய இன்ஜின் சாமான் கடைகளில் தேடினால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நிற்கிற ஜெனரேட்டர்களிலும் படகு இன்ஜின்களிலும் இருந்து கழற்றியவை வருவதுண்டு. பழைய ஹெட்டின் பேக்கிங்கைப் புதிய ஹெட்டின் முகத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டைகளும் ஆயில் ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பேக்கிங்கின் எந்தப் பகுதியும் ஓட்டையின் மேல் நீட்டக் கூடாது. ஆயில் மீட்டருக்குப் போகும் குழாய் பழைய ஹெட்டிலிருந்து பிரிந்தால் புதியதிலும் அதற்கு இடம் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியானால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். வால்வு, ஆயில் போகும் திசை, மரை, எல்லாம் இன்ஜின் செய்தவர்களே கணக்கிட்டவை.

இரண்டாவது வழி அடாப்டர். பழைய ஹெட் அப்படியே இருக்கும். கிண்ணம் உட்கார்ந்த இடத்தில் கனமான ஒரு வட்டத் தட்டு உட்காரும். அதன் கீழ்ப் பக்கத்தில் ஸ்பின்-ஆன் ஃபில்டர் ஏறும். ரெடிமேடாகக் கிடைக்காதபோது லேத்தில் செய்துகொள்வார்கள். இந்த அத்தியாயத்தில் அதிக இடம் இதற்குத்தான். தவறுகளும் இதில்தான் அதிகம்.

மூன்றாவது வழி, ஃபில்டரைச் சேசிஸில் வசதியான இடத்தில் மாட்டி, ஹோஸ் மூலம் இணைப்பது. எனக்கு இதில் விருப்பமில்லை. இன்ஜினின் ஆயில் முழுவதும் இரண்டு ரப்பர் ஹோஸ்களை நம்பி ஓடும். ஒன்று கிழிந்தால் டிரைவர் மீட்டரைப் பார்ப்பதற்குள் சம்ப் காலியாகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். இடமே இல்லை, வேறு வழியே இல்லை என்றால் ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ஹைட்ராலிக் ஹோஸை, முனைகள் பிரஸ் செய்து, உள்விட்டம் பழைய ஆயில் பாதையைவிடக் குறையாமல் போடுங்கள். கிளிப் போட்டு இறுக்கிய சாதா ஹோஸ் கூடவே கூடாது.

அடாப்டர் செய்யும்போது

ஸ்பின்-ஆன் ஃபில்டரின் வாயைப் பாருங்கள். சுற்றிலும் சிறு ஓட்டைகள், நடுவில் மரை உள்ள பெரிய ஓட்டை. அழுக்கு ஆயில் சுற்று ஓட்டைகள் வழியாக உள்ளே போய், காகிதத்தைக் கடந்து, நடு ஓட்டை வழியாக வெளியே வரும். உங்கள் பழைய ஹெட்டிலும் அழுக்கு ஆயில் வெளி வட்டத்தில் வந்து, சுத்த ஆயில் நடுவில் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பம்ப்பிலிருந்து வரும் ஓட்டையில் காற்றடித்தால் எந்த அறையில் வருகிறது என்று தெரிந்துவிடும். திசை தலைகீழாக இருந்தால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் மடல் மூடிக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

அடுத்தது, என் கணிப்பில் அடாப்டர் வேலையில் மிக ஆபத்தான இடம். கிண்ண ஃபில்டரில் ஆயில் தடுப்புகள் இரண்டு. வெளியே தெரிவது கிண்ணத்தின் விளிம்பில் உட்காரும் பெரிய ரப்பர் வளையம். கண்ணுக்குத் தெரியாதது, எலிமென்ட்டின் மேல் முனை ஹெட்டின் நடுப் பகுதியில் அழுந்தும் இடம். அழுக்கு ஆயிலையும் சுத்த ஆயிலையும் பிரிப்பது இந்த இரண்டாவதுதான். அடாப்டர் செய்பவர் வெளி வளையத்தை மட்டும் சரியாகச் செய்துவிட்டு, நடுவில் வெறும் போல்ட்டை விட்டால், ஆயில் ஃபில்டருக்குள் போகாமல் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையிலேயே அழுக்கு அறையிலிருந்து சுத்த அறைக்குத் தாண்டிவிடும். வெளியே ஒரு சொட்டுக் கசியாது. ஆயில் மீட்டர் அருமையாகக் காட்டும். ஃபில்டர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. கடைசியில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கழற்றும்போதுதான் தெரியும்.

அதனால் அடாப்டரின் மேல் பக்கத்தில் இரண்டு உயரங்கள் சரியாக அமைய வேண்டும். வெளி விளிம்பு பழைய கிண்ணத்தின் விளிம்புபோல ஹெட்டின் பள்ளத்துக்குள் போய் வளையத்தில் அழுந்த வேண்டும். நடுவில் ஒரு கழுத்து எழுந்து, ஓ-ரிங்கோடு ஹெட்டின் நடு முகத்தில் அழுந்த வேண்டும். ஒன்று முதலில் முட்டிக்கொண்டால் மற்றது தொடாது. ஓ-ரிங்குக்கு அதன் தடிமனில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக நசுங்கும்படி பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். இரண்டும் தொடுகின்றனவா என்று பார்க்க, இரு முகங்களிலும் மெல்லிய களிமண் திரி வைத்து, தட்டைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். வட்டம் முழுக்க ஒரே அளவில் நசுங்கியிருந்தால் சரி. பிறகு களிமண்ணைச் சுவடில்லாமல் கழுவுங்கள்.

தட்டைத் திடமான எஃகு உருளையிலோ நல்ல அலுமினியத்திலோ கடைய வேண்டும். மெல்லிய தகட்டில் நிப்பிளை, அதாவது ஃபில்டர் திருகி ஏறும் மரைக் குழாயை, வெல்டிங் வைத்தால் சூட்டில் வளையும், அதிர்வில் விரியும். தட்டைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டுக்கு உள்ளே துளை போட்டு, ஹெட்டின் சுத்த அறை இருக்கும் உயரத்தில் பக்கவாட்டில் ஓட்டைகள் இட வேண்டும். சுத்த ஆயில் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். தட்டில் இடும் சுற்று ஓட்டைகளின் மொத்தப் பரப்பு பழைய உள்வழியின் பரப்பைவிடக் குறையக் கூடாது. கணக்கு சுலபம். 20 மி.மீ. விட்டமுள்ள வழியின் பரப்பு 314 சதுர மி.மீ. ஆறு ஓட்டை 8 மி.மீ.யில் போட்டால் 301, போதாது. எட்டு ஓட்டை போட்டால் 402, தாராளம். நடுத் துளைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழியெங்கும் மிகக் குறுகிய இடம் எதுவோ அதுதான் இன்ஜினுக்குப் போகும் ஆயிலின் அளவை முடிவுசெய்யும்.

ஃபில்டர் ஏறும் கீழ் முகம் வழவழப்பாகவும், ஃபில்டரின் ரப்பர் பேக்கிங் முழு அகலத்தில் உட்காரும் அளவுக்கு விரிவாகவும் இருக்க வேண்டும். நிப்பிள் தட்டோடு மரை பூட்டும் பசை போட்டுத் தோள்வரை இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபில்டரைக் கழற்றும்போது நிப்பிளும் கூடவே வந்துவிடும்.

மரையில் ஏமாறாதீர்கள்

ஸ்பின்-ஆன் ஃபில்டர்களில் அதிகம் காண்பது 3/4 அங்குலம் 16 மரை. அதற்கு அடுத்து எம் 20, 1.5 மி.மீ. பிட்ச். கனரக இன்ஜின்களில் 1 அங்குலம் 12 மரையும், ஒன்றரை அங்குலம் 16 மரையும் உண்டு. முதல் இரண்டுதான் ஆபத்தான ஜோடி. 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ., பிட்ச் 1.59 மி.மீ. எம் 20 ஃபில்டரை 3/4 அங்குல நிப்பிளில் வைத்தால் லொடலொடவென்று ஏறும், கடைசியில் இறுகியதுபோலவும் இருக்கும். மரையின் நுனிகள் மட்டுமே பிடித்திருக்கும். குளிர்ந்த ஆயிலின் முதல் அழுத்தத்திலேயே ஃபில்டர் பிய்த்துக்கொண்டு போகலாம். கண்ணளவை நம்பாமல் வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்து அளந்து, அளவை எழுதிவைத்துக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

மரை பொருந்திவிட்டது என்பதாலேயே ஃபில்டர் பொருந்திவிடாது. 3/4 அங்குல மரையில் சிறிய பெட்ரோல் காருக்கான ஃபில்டரும் உண்டு. அதை 5.8 லிட்டர் டீசல் இன்ஜினில் மாட்டினால் கரித்தூள் அதைச் சீக்கிரமே நிரப்பிவிடும். பிறகு அடுத்த சர்வீஸ்வரை பைபாஸ் வால்வு திறந்தே ஓடும். ஏறக்குறைய அதே அளவுள்ள டீசல் இன்ஜினுக்குத் தயாரித்த ஃபில்டராகத் தேர்ந்தெடுங்கள். 6.354-க்கென்றால் அதன் பிற்கால மாதிரிக்கு நிறுவனம் குறித்த ஃபில்டரே முதல் தேர்வு. அடாப்டரின் மரையை அதற்கு ஏற்றபடி செய்துகொள்ளலாம். ஃபில்டரை முதலில் முடிவுசெய்து, தட்டைப் பிறகு கடைவதே சரியான வரிசை.

வாய் மேல்நோக்கித் தொங்கும் ஃபில்டரில் ஆயில் தானாகவே நிற்கும். படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டினால், திரும்பி வடிவதைத் தடுக்கும் ரப்பர் மடல் உள்ள ஃபில்டர் கட்டாயம். அது இல்லாவிட்டால் இரவெல்லாம் ஃபில்டர் காலியாகி, தினமும் காலையில் பேரிங்குகள் சில நொடிகள் வறட்டுக்குச் சுற்றும். நீளத்தையும் பாருங்கள். இன்ஜின் தன் மவுண்ட்டுகளில் ஆடும்போது சேசிஸிலோ ஸ்டியரிங் பாக்ஸிலோ இடிக்காமல் ஓர் அங்குலமாவது இடம் வேண்டும். கழற்றும்போது நிப்பிளைவிட்டு இறங்கவும் இடம் வேண்டும்.

பொருத்துவது

கழற்றுவதற்கு முந்தைய நாள், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிலும் உயர் வேகத்திலும் ஆயில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், தனி கேஜ் ஒன்றைப் பிளாக்கில் மாட்டிப் பாருங்கள். இந்த இரண்டு எண்கள் இல்லாமல் செய்த மாற்றம் சரியா தவறா என்று சொல்ல முடியாது.

பழைய கிண்ணம் இறங்கியதும் ஹெட்டின் பள்ளத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கூரான ஊசியால் எடுங்கள். ஒன்றை எடுத்ததும் நிறுத்தாமல் இன்னும் தோண்டிப் பாருங்கள். முன்பு வேலை செய்தவர்கள் பழைய வளையத்தின் மேலேயே புதியதை வைத்து இறுக்கியிருப்பார்கள். கல்லாக இறுகிய வளையங்கள் இரண்டு மூன்று ஒன்றன்கீழ் ஒன்றாக வருவது சகஜம். பள்ளத்தின் அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை விடாதீர்கள். அடாப்டரின் உயரக் கணக்கு முழுவதும் அந்த அடியிலிருந்துதான். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பிசிறு பைபாஸ் வால்வின் குண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் வால்வு மூடாது. பிசிறில்லாத பருத்தித் துணியும், டீசலும், காற்றும் போதும். லேத்திலிருந்து வந்த தட்டின் ஓட்டைகளில் பிசிறு நீக்கி, போல்ட்டின் உள்துளையையும் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஃபில்டருக்குப் பிறகு வரும் பாதையில் ஒரு துணுக்கு இருந்தாலும் அது நேரே பேரிங்குக்குப் போகும்.

தட்டு ஏறியதும், ஃபில்டரில் புது ஆயில் ஊற்றி நிரப்புங்கள். காகிதம் உறிஞ்ச நேரம் கொடுத்து மறுபடி ஊற்றுங்கள். ஊற்றும்போது நடு ஓட்டையில் ஊற்றாமல் சுற்று ஓட்டைகளில் ஊற்றினால், டின்னிலிருந்து வரும் தூசியையும் காகிதம் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பேக்கிங்கில் ஆயில் தடவி, கையால் திருகுங்கள். பேக்கிங் முகத்தைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, அல்லது ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு. ஸ்பேனர், செயின், பெல்ட் எதுவும் இறுக்குவதற்கு வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட் எந்த முகத்திலும் கூடாது. பிதுங்கி உள்ளே போகும் பேஸ்ட் ஆயில் ஓட்டைகளை அடைக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் இன்ஜினைச் செல்ஃப்பில் சுற்றுங்கள். பத்து நொடி சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு, மறுபடி சுற்றுங்கள். கேஜின் முள் எழுந்த பிறகுதான் ஸ்டார்ட். எழவே இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஆயில் போகும் திசை, பேக்கிங், நடு போல்ட்டின் பக்க ஓட்டைகள் ஆகிய மூன்றையும் மறுபடி பாருங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விட்டு, டார்ச் அடித்து, தட்டின் மேல் விளிம்பையும் ஃபில்டரின் பேக்கிங்கையும் சுற்றிப் பாருங்கள். நிறுத்தி, ஆயில் இறங்க நேரம் கொடுத்து, டிப் ஸ்டிக் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். புது ஃபில்டரின் கொள்ளளவு பழைய கிண்ணத்தினுடையதாக இருக்காது என்பதால் முன்பு ஊற்றிய அளவு இப்போது பொருந்தாது.

பிறகு வண்டியைச் சுமையோடு ஓட்டிச் சூடேற்றி, அதே கேஜில் அதே வேகங்களில் அழுத்தத்தைப் பாருங்கள். 6.354-க்குப் பெர்கின்ஸ் குறிக்கும் அளவு, இயல்பான சூட்டில் உச்ச வேகத்தில் 30 முதல் 60 பவுண்டு. முந்தைய நாள் எழுதியதிலிருந்து இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசம் பெரிதல்ல. பத்துப் பவுண்டு இறங்கியிருந்தால் எங்கோ வழி குறுகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் லோடு ஏற்றாதீர்கள்.

முதல் ஃபில்டரை வழக்கத்துக்கு வெகு முன்பாகவே, 500 கிலோமீட்டருக்குள் கழற்றி, அறுத்துப் பாருங்கள். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது. ஹேக்ஸாவில் அறுத்தால் அதன் இரும்புத்தூள் விழுந்து ஏமாற்றும். காகிதத்தை விரித்து, மடிப்புகளுக்குள் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னுவது பேரிங்கின் உள்ளடுக்கு. அலுமினியத் துகள் பிஸ்டனிலிருந்தும் வரலாம், நீங்கள் கடைந்த தட்டிலிருந்தும் வரலாம். பழைய இன்ஜினில் மடிப்புகளுக்குள் கொஞ்சமாவது கசடு இருந்தே தீரும். மடிப்புகள் புத்தம் புதிதுபோல் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம். ஆயில் ஃபில்டரைத் தொடாமல் தாண்டிப் போகிறது. நடு ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

கழற்றிய ஃபில்டரின் குவிந்த பக்கத்தில் ஒரு துளை போட்டு, ஒரு நாள் முழுவதும் வடியவிட்டு எறியுங்கள். ஊருக்குள் கழிவு ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். அது மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடங்கும். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டிய பொருள் அது.

கழற்றிய கிண்ணம், நடு போல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஆயில் தடவி ஒரு பையில் கட்டி வண்டியிலேயே வையுங்கள். அடாப்டர் ஏதாவது ஓர் ஊரில் கைவிட்டால் அவைதான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும். கூடவே, ஃபில்டரின் எண், மரை அளவு, பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது என்ற விவரம், மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு தகரத்தில் எழுதி இன்ஜினுக்குப் பக்கத்தில் அடித்துவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பானட்டைத் திறக்கப்போகிறவருக்கு அந்த இன்ஜினின் எந்தக் கையேட்டிலும் இந்த விவரம் இருக்காது.